உபதேசியாரம்மாவின் ஊழியம்

உபதேசியார் மாசிலாமணி பிரசங்கத்தை எங்கே ஆரம்பித்தாலும் விசுவாசத்தில் கொண்டுவந்துதான் முடிப்பார். அறுப்பின் பண்டிகையோ, கலியாணமோ, புது வீட்டு ஜெபமோ, கடைசிப் பத்து நிமிஷம் அதற்குத்தான். மனுஷன் செய்கிற நற்கிரியை எதுவும் அவனை இரட்சிக்காது, கிருபை மட்டும்தான், அதைக் கையேந்தி வாங்குகிற விசுவாசம் மட்டும்தான் என்று சொல்லும்போது அவருடைய வலது கை தானாக மேலே போகும்.

நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சபையில் நாற்பது குடும்பம். பாதிப் பேருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை, மீதிப் பேருக்கு அச்சாபீஸில். ஆறு நாளும் எத்தனை உருப்படி முடித்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்து போகிறவர்கள், ஏழாம் நாள் ஒரு இடத்திலாவது நம் வேலையை வைத்து நம்மை எடைபோடவில்லையே என்று ஆறுதலோடு உட்கார்ந்திருப்பார்கள். அதனாலேயே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். பல சபைகளைக் கவனிக்கிற சேகரகுரு மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறெல்லாம் மாசிலாமணிதான்.

ஊரிலேயே அந்தப் பிரசங்கத்தைக் கேட்க வராத ஒரே சபையாள் அவருடைய மனைவி சொர்ணபுஷ்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாலேயே அவள் இட்லியை மூடி வைத்துவிட்டு, துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிவகாசி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்குப் போவாள். ஞாயிறு மட்டுமில்லை, வாரத்தில் ஐந்து நாள் அப்படித்தான். வீட்டு ஜெபத்திலும் அவள் முழங்கால் போடுவதில்லை. மாசிலாமணி கூடத்தில் கண்ணை மூடினால் அவள் அடுக்களையில் பாத்திரம் கழுவுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்படி இல்லை. அவர்களுக்கு ஒரே மகள், பெனினா. இருபத்து மூன்று வயது. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். வெடிமருந்துப் பக்கமே போக வேண்டியதில்லாத வேலை. ஒருநாள் யாரோ லீவு என்று, ஆட்களின் வருகையைக் குறித்துக்கொண்டு வர அவளை அனுப்பினார்கள். அவள் போய் நின்ற அறைக்கு அடுத்த அறை வெடித்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தாள். மூன்றாம் நாளே மாசிலாமணி சபைக்குச் சொல்லி அனுப்பினார்: கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், மகள் நடந்தே வீட்டுக்கு வருவாள். சபை முழுக்க உபவாசம் இருந்தது. சொர்ணபுஷ்பமும் நம்பினாள், அவரைவிடக் கூடுதலாகவே நம்பினாள். பத்தொன்பதாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பெனினா போய்விட்டாள்.

அந்த நாட்களில் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த கட்டிலில் மருமகளுக்குத் துணையிருந்த சாத்தூர் பக்கத்து ஆவுடைத்தாய் என்கிற அம்மாள்தான், கட்டு மாற்றும்போது பெனினா துடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "காஞ்ச துணிய அப்படிப் பிடிச்சு இளுக்கக் கூடாது தாயி. சலைன் தண்ணிய ஊத்தி ஊற வையி. அதுவா விட்டுக்குடுக்கும். பொறுமைதான் வேணும்" என்று சொல்லி, தானே உட்கார்ந்து ஊற்றிக் காண்பித்தாள். அன்றைக்கு முதல் முறையாகப் பெனினா கத்தாமல் கட்டு அவிழ்ந்தது.

மகளை அடக்கம் பண்ணி இரண்டு மாதம் சொர்ணபுஷ்பம் யாரோடும் அதிகம் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானாகச் சிவகாசிக்குப் பஸ் ஏறிப் போய் தீக்காய வார்டு வாசலில் நின்றாள். முதலில் உள்ளே விட மறுத்தார்கள். நான்கு நாள் நின்றாள். ஐந்தாம் நாள் ஸ்டாஃப் நர்ஸ் ஸ்ரீமதி, ஆள் போதாத எரிச்சலில், "கையக் களுவிட்டு மாஸ்க்கப் போட்டுக்கிட்டு வாங்கம்மா, சொன்னத மட்டும் செய்யணும்" என்று கூப்பிட்டாள். அப்படித் தொடங்கியது.

சபையில் பேச்சு எழும்பாமல் இருக்குமா? சபைச் செயலர் ஞானராஜ் அச்சாபீஸ் வைத்திருப்பவர், நல்ல மனுஷன், யாரையும் புண்படுத்திப் பேசத் தெரியாதவர். அவரே ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"உபதேசியாரய்யா, தப்பா எடுத்துக்கிடாதீக. அம்மா செய்றது பெரிய காரியந்தான். ஆனா உபதேசியார் வீட்டம்மாவே ஆராதனைக்கு வரலன்னா சாட்சி என்ன ஆகுறது? கிரியையால மோட்சம் போயிரலாம்னு சனங்க நினைச்சிரும்ல?"

மாசிலாமணிக்கு அது சுருக்கென்றது. அவர் மனதிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு புதன்கிழமை மாலை, அவள் வீட்டில் இருக்கிறாள், ஒலிபெருக்கியில் கேட்கும் என்று தெரிந்தேதான் பேசினார். "சிலபேர் புண்ணைக் கழுவிப் பரலோகத்துக்குப் படிக்கட்டு கட்டிவிடலாம் என்று பார்க்கிறார்கள். விசுவாசம் இல்லாமல் கட்டுகிற படிக்கட்டு எந்த வாசலுக்கும் போய்ச் சேராது."

வீட்டுக்கு வந்தபோது சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ரசத்தை ஊற்றும்போது மட்டும் சொன்னாள்:

"நான் மோட்சத்துக்குப் போறதுக்காகக் களுவல. அந்த ஆளுக்கு எரிஞ்சுச்சு. அதான் களுவுனேன்."

மாசிலாமணி சாப்பிட்டு முடிக்கும் வரை தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மே மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, கிழக்கே எங்கேயோ ஒரு கம்பெனியில் சத்தம் கேட்டது. சபையின் கோயில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஊரே கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, சத்தம் வந்த திசையைப் பார்த்து, அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருப்பவர்களின் பெயரை மனதுக்குள் எண்ணிக்கொண்டது. ஏழு பேரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகு தெரிந்தது. சபையில் யாருக்கும் ஒன்றுமில்லை. அன்றைக்குப் போன சொர்ணபுஷ்பம் சனிக்கிழமை வரை குளிப்பதற்கும் கண்ணயர்வதற்கும்தான் வீட்டுக்கு வந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்துவிட்டது. மாசிலாமணி வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சொர்ணபுஷ்பம். இந்த இரண்டு வருஷத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஒருமுறைகூட அவரைக் கூப்பிட்டதில்லை.

"ஏங்க, எங்கன இருக்கீக?"

"கோயில்லதான். இன்னும் பத்து நிமிசத்துல ஆராதனை. என்ன?"

"இங்கன அருள்பாண்டின்னு ஒரு ஆளு. லோடு ஏத்தப் போன எடத்துல அம்புட்டுக்கிட்டான். நேத்து பக்கத்துக் கட்டில் ஆளு இறந்ததப் பாத்துட்டு மிரண்டு போயிருக்கான். கட்டு மாத்த யாரையும் தொட விட மாட்டேங்கான். மாத்தலன்னா சீள் வச்சிரும். 'எக்கா, நீங்க வேதக்காரவுக, எனக்காக உங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, அப்புறம் அவுத்துக்கிடுங்க'ங்கான்."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"



"எங்கிட்ட ஜெபம் இல்லங்க. இல்லாததை இருக்குன்னு சொல்லி அந்தப் பிள்ளைய ஏமாத்த முடியாது. உங்ககிட்ட இருக்கு. வாங்க."

அங்கியைக் கழற்றி ஞானராஜின் கையில் கொடுத்து, "நீங்க பாட்டையும் பாடத்தையும் நடத்துங்க, நான் ஒரு ஜெபத்துக்குப் போகணும்" என்றார். ஞானராஜ் திகைத்து நிற்கும்போதே அவருடைய டிவிஎஸ் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

தெருமுனை தாண்டியதும் வண்டியின் வேகம் குறைந்தது. அதற்குக் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். மதுரையில் அந்தப் பத்தொன்பது நாளும் அவர் வார்டு வாசலைத் தாண்டவில்லை. முதல் நாள் எட்டிப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வராந்தாவில் தூணோரம் முழங்கால் போட்டு ஜெபித்தார். பார்த்தவர்களெல்லாம், உபதேசியார் கர்த்தரோடு போராடுகிறார் என்று சொன்னார்கள். அவரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். உண்மையில் அது பயம். உள்ளே போய் மகளைப் பார்க்கிற பயம்.

பெரியாஸ்பத்திரியிலும் வாசல் வரைதான் கால் போனது. அந்த வாடை, மருந்தும் வெந்த தோலும் கலந்த வாடை, அவரை நிறுத்திவிட்டது. உள்ளே நான்காம் கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்த சொர்ணபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள வாங்க. அங்கன நின்னு செஞ்சா அவனுக்குக் கேக்காது."

அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதுபோலச் சொன்னாள். மாசிலாமணி கையைக் கழுவி, கொடுத்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அருள்பாண்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நெஞ்சு, இரண்டு கை, கழுத்து எல்லாம் கட்டு. தலைமாட்டில் அவன் மனைவி முத்துமாரியம்மாள் வைத்துவிட்டுப் போன விபூதிப் பொட்டலம் இருந்தது. மாசிலாமணியின் பார்வை அதில் நின்றதைக் கவனித்து அவன் சிரிக்க முயன்றான்.

"அதுவும் இருக்கட்டும்யா. நீங்களும் சொல்லுங்க. எம்புட்டுப் பேர் சொல்றாகளோ அம்புட்டும் நல்லதுதானே."

மாசிலாமணி வழக்கப்படி கண்ணை மூடி, கையை உயர்த்தி, சபை முழுவதற்கும் கேட்கிற குரலில் தொடங்கினார். சொர்ணபுஷ்பம் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அவன் எடது பாதத்தப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க. அந்த ஒரு எடந்தான் அவனுக்கு வலியில்லாம இருக்கு. மூணு நாளா அவன யாரும் தொடல, குத்துறதுக்கும் அவுக்குறதுக்கும் தவிர."

அவர் குனிந்து பாதத்தைப் பிடித்தார். வெடிப்பு விழுந்த, சூடான பாதம். பிடித்ததும் அவருக்கு முப்பது வருஷமாகப் பழகின வார்த்தைகளெல்லாம் எங்கேயோ போய்விட்டன. "ஆண்டவரே" என்றார். பிறகு, "இவன் பேரு அருள்பாண்டி. இவனுக்கு வலிக்குது. பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. கூட இரும்" என்றார். அதற்குமேல் வரவில்லை. ஆமென் சொன்னாரா என்றுகூட அவருக்கு நினைவில்லை. பாதத்தை மட்டும் விடவில்லை.

அருள்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு, "அவுத்துக்கிடுங்கக்கா" என்றான்.

ஸ்ரீமதி அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். சொர்ணபுஷ்பம் சலைன் பாட்டிலைக் கணவர் கையில் கொடுத்தாள். "நான் சொல்ற எடத்துல ஊத்துங்க. ஒரே ஓட்டமா ஊத்தாதீக. சொட்டுச் சொட்டா." அவர் ஒரு கையில் பாதத்தைப் பிடித்தபடியே எக்கி ஊற்றப் பார்த்தார். முடியவில்லை. பாதத்தை விட்டுவிட்டு நெஞ்சுப் பக்கம் வந்தார்.

ஒரு சாண் துணி அவிழக் கால் மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படவில்லை. துணியின் ஓரத்தை விரல் நுனியால் தூக்கிப் பார்ப்பாள், ஒட்டியிருந்தால் விட்டுவிடுவாள், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வாள், காத்திருப்பாள். நடுநடுவே அவனோடு பேசினாள். எந்த லாரி, எந்த ஊருக்கு லோடு போகும், ஆமத்தூர்ல எந்தத் தெரு, மூத்தவன் எத்தனாவது படிக்கான். அவன் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணி கையோடு வந்தது. இடையில் வலி தாங்காமல் அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "சொல்லு, நல்லாச் சொல்லு" என்றாள் அவள். எதிர்க் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

மாசிலாமணி தன் மனைவியைப் பார்த்தார். கலியாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வார்டில் யார் நல்லவன், யார் குடிகாரன், யார் விதியை மீறிக் கூடுதலாக வெடிமருந்து இடித்து இதை வரவழைத்துக்கொண்டான் என்று அவள் கேட்கவில்லை. எந்தக் கட்டிலில் துணி காய்ந்திருக்கிறதோ அங்கே போனாள். தகுதி பார்க்காமல் கொடுக்கப்படுவதுதான் கிருபை என்று எத்தனை ஞாயிறு கையை உயர்த்திச் சொல்லியிருக்கிறார்! அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். அவர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் இரண்டு பேரும் நின்றார்கள். மாசிலாமணி டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சொர்ணம், மதுரைல நான் உள்ள வரல."

"தெரியும்."

"ஜெபம் பண்றேன்னு சொல்லி வெளியவே இருந்துட்டேன். பயந்துட்டேன்."

"அதுவும் தெரியும். அவளுக்கும் தெரியும்." அவள் டீ கிளாஸை மரப்பலகையில் வைத்தாள். "பதினோராம் நாளு சொன்னா. 'அப்பா பயந்துபோயிருக்காக, அவுகளத் திட்டாதீங்கம்மா'ன்னு. அதான் நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கல."

மாசிலாமணி அந்தத் தெருவில், ஆட்டோக்களும் ஆட்களும் போகிற இடத்தில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவள் அவர் கையிலிருந்த டீயை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அழுது முடித்த பிறகு வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"உனக்கு விசுவாசமே இல்லாமப் போயிருச்சா?"

அவள் எதிரே மருந்துக் கடையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அம்புட்டுத்தான். நான் அப்படிக் கேட்டேன், அவரு தரல. எனக்குக் கோவம். அதுக்காக அவரு வீட்டு வேலையப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்துர முடியுமா? உங்ககூடச் சண்ட போட்ட அன்னைக்குச் சோறாக்காம இருந்திருக்கனா?"

அதைக் கேட்டு மாசிலாமணிக்குச் சிரிப்பும் வந்தது, மறுபடி கண்ணும் கலங்கியது. வேதத்தைப் படித்து, பயிற்சிப் பள்ளியில் தேறி, முப்பது வருஷம் பிரசங்கித்த தனக்கு, கோபத்திலும் வீட்டைவிட்டுப் போகாத அந்த விசுவாசத்தில் பாதிகூட இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அவர் பீடத்தில் ஏறி, எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மதுரையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தூணோரம் முழங்கால் போட்டதையும், பயத்தையும், லெந்து நாளில் மனைவியைக் குத்திப் பேசியதையும் சொன்னார். "விசுவாசத்தால்தான் இரட்சிப்பு. அதை நான் இன்னைக்கும் மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா என் விசுவாசம் வராந்தாவுல உக்காந்துக்கிட்டது. என் வீட்டம்மாவுடையது உள்ள போயிருச்சு. அவங்களுக்குச் சாட்சி இல்லன்னு இனிமே யாரும் சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்." அன்றைக்குப் பிரசங்கம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஞானராஜ்தான் கடைசியில் மெதுவாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஞானராஜ் சபையிலிருந்து பதின்மூன்று பேரைத் திரட்டிக்கொண்டு பழமும் பிஸ்கட்டுமாக வார்டுக்கு வந்து நின்றார். சொர்ணபுஷ்பம் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "கும்பலா வந்தா காயத்துக்கு ஆகாது. துணி துவைக்க ரெண்டு பேரு போதும், வெளிய இருக்கிற சனங்களுக்குச் சாப்பாடு வாங்கிக்குடுக்க ஒருத்தரு. மத்தவுக கிளம்புங்க." ஞானராஜ் துவைக்கிற பக்கம் போனார். மை படிந்த அந்தக் கையால் அவர் ஆறு போர்வையை அலசிப் பிழிந்து காயப்போட்டதை ஸ்ரீமதி பல நாள் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று பேர், முறை வைத்து, சபையிலிருந்து போய்வருகிறார்கள். மாசிலாமணிக்குப் புதனும் சனியும்.

அருள்பாண்டி பிழைத்தான். மூன்று மாதம் ஆனது. வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை, ஆனாலும் லாரி ஆபீஸில் லோடுச் சீட்டுப் போடுகிற வேலை கிடைத்தது. தன்னைக் காப்பாற்றியது யார் என்று யாராவது கேட்டால், "மாரியாத்தா, உபதேசியாரம்மா, அந்த நர்ஸு, மூணு பேரும்தான்" என்பான். உபதேசியாரின் ஜெபம்? "அவரும் உண்டு. ஆனா அவரு என்னவிடப் பயந்துட்டாரு பாவம்" என்பான். மாசிலாமணி இதைத் தானே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

புரட்டாசியில் சபையின் அசனப் பண்டிகை வந்தது. ஊரில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. அருள்பாண்டி மனைவி பிள்ளைகளோடு வந்தான், ஒரு கட்டு வாழை இலையையும் சுமந்துகொண்டு. பந்தல் நிறைந்து முதல் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. சொர்ணபுஷ்பம் சாம்பார் வாளியோடு வரிசை முனையில் நின்றாள். சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது ஜெபிக்க வேண்டும். ஞானராஜ் மைக்கை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனார்.

"அம்மா, இன்னைக்கு நீங்க ஜெபிக்கணும்னு சபை ஆசப்படுது."

மாசிலாமணி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தார். அவள் மைக்கைப் பார்த்தாள், நீளமாக உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தாள், வாளியிலிருந்து எழும்பும் ஆவியைப் பார்த்தாள்.

"பிள்ளைகளுக்குப் பசிக்குது, சாம்பாரும் ஆறுது. நீங்களே சுருக்கமா ரெண்டு வார்த்த சொல்லிருங்க" என்றாள்.

ஞானராஜ் சுருக்கமாகவே சொன்னார். ஆமென் என்று பந்தல் முழுவதும் சொன்ன சத்தத்தில் அவளுடையதும் இருந்ததா என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அப்பள டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். அவள் ஊற்றிய ஒவ்வொரு இலையிலும் ஒரு அப்பளத்தை வைத்தார்.